லெட்ரோசோல் 2.5: ஐந்து நாள் மாத்திரைக்கு ஐந்து மாத விமர்சனம்

மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கிறது, ஏர் கூலருக்கு இருக்கிறது, பொள்ளாச்சியில் எந்தக் கடை பிரியாணி நன்றாக இருக்கும் என்பதற்கு நூறு இருக்கிறது. குழந்தைக்காகக் கருமுட்டை வளர டாக்டர் எழுதிக்கொடுத்து, ஐந்து மாதமாக என் கைப்பையில் குடியிருக்கிற இந்த லெட்ரோசோல் மாத்திரையைப் பற்றி மட்டும் தமிழில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் 'ஒரே மாதத்தில் கரு நிற்க' வகையறாதான். சரி, நானே எழுதிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, சாப்பிட்டுப் பார்த்தவள்.

பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், வாக்கப்பட்டது கொழிஞ்சாம்பாறை. மேப்பில் கேரளா, ஆனால் வீட்டிலும் மளிகைக் கடையிலும் சண்டை போடுகிற இடத்திலும் தமிழ்தான். வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை. எனக்கு 29 வயது, கல்யாணமாகி நாலு வருடம். மாதவிடாய் எனக்கு மாதாமாதம் வந்ததே இல்லை, 45 நாள், 60 நாள், ஒரு தடவை 80 நாள் கூட ஆகியிருக்கிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பேரே தப்பு என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது, அவை கட்டியே இல்லை, வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். இது தெரியாமல் 'கட்டி கரைய' என்று எத்தனை கஷாயம் குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

எல்லையில் வாழ்வதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நம்ம ஊரில் "ஏதாவது விசேஷம் உண்டா" என்றால் ஒரே அர்த்தம்தான். மலையாளத்தில் "எந்தா விசேஷம்" என்றால் பெரும்பாலும் சும்மா என்ன சேதி என்று கேட்பது. பஸ் கண்டக்டர், போஸ்ட்மேன், மீன்காரச் சேச்சி எல்லோரும் விசேஷம் கேட்பார்கள். மூளைக்குத் தெரியும் அவர்கள் அதைக் கேட்கவில்லை என்று, வயிற்றுக்குத் தெரியாது.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் வேண்டாம், எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதும் வேண்டாம். அங்கே கொடுத்தது குளோமிபீன், அதுவும் முட்டை வளர்க்கத்தான். இது பழைய மாத்திரை, அமெரிக்காவில் 1967லேயே அனுமதி கிடைத்தது, இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள், மாத்திரை மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த விதத்தில்தான் கோபம். ரெண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் 50 மி.கி., அடுத்த மாதம் 100, 'வரலைன்னா வாங்க'. இப்படியே ஏழு மாதம். இடையில் ஒரு ஸ்கேன் கிடையாது, முட்டை வெளியே வந்ததா என்று தெரிந்துகொள்ள 21ஆம் நாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் பார்க்கிற டெஸ்ட் கிடையாது. முட்டை வளர்ந்ததா, வெடித்ததா, ஒன்றுமே தெரியாமல் ஏழு மாதம் இருட்டில் கல் எறிந்தோம். அடுப்படியில் நிற்கும்போது திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலை வரை தீப்பிடித்த மாதிரி ஏறும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அதாவது பரவாயில்லை. ஆறாவது மாதம், சாயங்காலம் வாசல் பெருக்கும்போது கண் ஓரத்தில் மின்னல் கோடு மாதிரி நெளிந்தது, கண்ணை மூடினாலும் நெளிந்தது. போய்ச் சொன்னேன். "மொபைல் நிறையப் பாக்கறீங்களா?" என்றார்கள். குளோமிபீனில் பார்வையில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது அந்த மருந்தோடு வருகிற தாளிலேயே அச்சடித்திருக்கிற விஷயம். நான் அதைப் படித்தது வெகு நாள் கழித்து.

ஏழாவது மாதப் பாதியில் வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவர் சொல்லி, பாலக்காட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். சின்ன இடம். எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, சத்தம் இல்லாமல் ஓடுகிற டிவி. அன்றைக்கே ஸ்கேன். முட்டைப் பை 20 மி.மீ. வளர்ந்து நன்றாக இருக்கிறது, ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வு 5 மி.மீ.தான், காகிதம் மாதிரி. வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்று டாக்டர் கேட்டார். கண் கோடு சமாசாரத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் உனக்குக் குளோமிபீன் கிடையாது, எந்த டாக்டர் கொடுத்தாலும் இதைச் சொல்லு என்று என் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதினார். அப்புறம்தான் லெட்ரோசோல்.

ரெண்டு மாத்திரைக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் மலையாளமும் தமிழும் கலந்து சொன்னதை நான் எங்கள் வீட்டு மாடித் தொட்டியை வைத்துப் புரிந்துகொண்டேன். தொட்டிக்குள் சென்சார், கீழே மோட்டார். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பினால் நிற்கும். ஈஸ்ட்ரோஜன்தான் தண்ணீர், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரிதான் மோட்டார், அது அனுப்புகிற எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன்தான் முட்டையை வளர்ப்பது. குளோமிபீன் சென்சாரைத் துணி போட்டு மூடுகிறது, தண்ணீர் இருந்தும் இல்லை என்று நினைத்து மோட்டார் ஓடும். என்ன கஷ்டம் என்றால் அந்தத் துணி சென்சாரோடு நிற்காமல் கர்ப்பப்பைச் சவ்வையும் மூடிவிடலாம், உடம்பை விட்டுப் போகவும் வாரக்கணக்கு ஆகும். லெட்ரோசோல் துணியெல்லாம் போடுவதில்லை, ஈஸ்ட்ரோஜன் தயாராவதையே கொஞ்ச நாள் குறைக்கிறது, மோட்டார் நிஜமாகவே தண்ணீர் குறைந்துவிட்டது என்று ஓடுகிறது, மருந்தும் ரெண்டு நாளைக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறைந்து சீக்கிரம் காலியாகிவிடும். சவ்வு பிழைத்துக்கொள்கிறது. எனக்கு அடுத்த ஸ்கேன்களில் 8, 9 என்று வந்தது.

இப்போது மெடிக்கல் கடைக் கதை. சீட்டை நீட்டினேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். குரலைத் தணித்து, "ஏனுங்க, வீட்ல யாருக்குங்க? பெரியவங்களுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் முகத்தில் வந்த பரிதாபத்தை இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து உள்ளே எட்டாக மடித்து வைத்திருந்த தாளை விரித்தால், மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு என்று போட்டிருக்கிறது. அத்தைக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். 'கேன்சர்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. கருமுட்டைக்கு இந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது என்று நம் நாட்டில் 2011 அக்டோபரில் மத்திய அரசு தடையே போட்டிருந்தது, குழந்தைக்கு ஊனம் வருமோ என்ற சந்தேகம். அதற்கு முன்பே 2006ல் 911 குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு வந்திருந்தது, அதில் குளோமிபீன் சாப்பிட்டவர்களின் குழந்தைகளைவிட இதில் கோளாறு கூடுதலாக இல்லை. 2017ல் தடையை எடுத்தார்கள். இப்போது நீர்க்கட்டிப் பிரச்சினையில் முட்டை வளர்க்க முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரையே இதுதான் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மெடிக்கல் கடைக்காரர் தடைக்காலத்து ஆள், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் சீட்டு எழுதும்போதே "தாளில் இப்படி இருக்கும், பயப்படாதே" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு வீணாகியிருக்காது. அரை நட்சத்திரம் இதற்காகவே குறைக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுவது பெரிய விஷயமே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, தினமும் ஒரே நேரம், நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. கசப்பு கிடையாது, பொட்டளவு இருக்கும். மூன்றாவது மாத்திரையில் தலை கொஞ்சம் பாரமாக இருந்தது, முட்டி லேசாக வலித்தது, மத்தியானம் தூக்கம் தள்ளியது. குளோமிபீன் தீயோடு ஒப்பிட்டால் இது வெயில் கூட இல்லை. ஒன்று மட்டும் முக்கியம், கரு இருக்கும்போது இந்த மாத்திரை வயிற்றுக்குள் போகக்கூடாது. அதனால் மாதவிடாய் வராமல் நாள் தள்ளினால் முதலில் டெஸ்ட், அப்புறம்தான் வரவழைக்கிற மாத்திரை, அப்புறம்தான் இது. என் டாக்டர் ஒரு தடவை கூட இந்த வரிசையை மாற்றவில்லை.

உண்மையான வேலை பத்தாம் நாளில் ஆரம்பிக்கிறது. பாலிக்குலர் ஸ்டடி. ரெண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்து முட்டைப் பை எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். 18, 20க்கு வந்தால் முட்டையை வெடிக்க வைக்க ஒரு ஊசி, ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். இது வயிற்றின் மேல் பார்க்கிற ஸ்கேன் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்பு ஒரு இடத்தில் தண்ணீர் நிறையக் குடித்து வா என்று சொன்ன ஞாபகத்தில், கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறியதிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தேன். அந்த ரோட்டில் ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும், அன்றைக்கு ஒவ்வொரு குழியும் என்னையும் தெரிந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போனால் நர்ஸ் சேச்சி, "மூத்ரம் ஒழிச்சிட்டு வா மோளே, இது உள்ளில நோக்குந்நதாணு" என்கிறார். அழுவதா சிரிப்பதா. உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், தயவுசெய்து யாரும் என்னை மாதிரிக் குடிக்காதீர்கள்.

முதல் மாதம் தினம் ஒரு மாத்திரை. பத்தாம் நாள் 10, பதின்மூன்றாம் நாள் 12, பதினாறாம் நாளும் அதே 12. நின்றுவிட்டது. ரெண்டாம் மாதம் தினம் ரெண்டு மாத்திரை, 11, 15, 19. ஊசி போட்டு ரெண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் சேச்சி கதவைத் திறந்து வெளியே இருந்த அத்தையிடம் சந்தோஷமாக, "முட்ட பொட்டி!" என்றார். அத்தை என்னிடம் திரும்பி, "என்ன பொட்டி கண்ணு? எந்தப் பொட்டி? வீட்ல வச்சுட்டு வந்துட்டியா?" என்றார். வெடித்ததைத்தான் மலையாளத்தில் பொட்டியது என்பார்கள். நாலு வருடத்தில் ஒரு காத்திருப்பு அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் மாதம் நடந்ததை எழுதத்தான் இந்த ரிவ்யூவையே ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். முட்டை வளர்ந்தது, ஊசி போட்டார்கள், வெடித்தது. ஊசி போட்ட எட்டாம் நாள் விடியற்காலை, வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஒரு கிட் எடுத்துப் பார்த்தேன். ரெண்டாவது கோடு. நிழல் மாதிரி, ஆனால் கோடு. குளியலறை பல்பு மங்கல் என்று பின்கட்டுக் கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தென்னை மரத்தடியில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். அன்றைக்கே போனில் டாக்டரிடம் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, அந்த ஊசியே கரு நின்றால் உடம்பில் ஊறுகிற ஹெச்.சி.ஜி. ஹார்மோன்தான், கிட் தேடுவதும் அதே ஹெச்.சி.ஜி.தான், பத்து நாளைப் போல உடம்பில் நிற்கும், நீ பார்த்தது ஊசியை, ரெண்டு வாரம் கழித்துப் பார் என்றார். ரெண்டு வாரம் வரை போகவில்லை, பதின்மூன்றாம் நாளே மாதவிடாய் வந்துவிட்டது. இதை ஊசி போடும்போதே சொல்லியிருக்க வேண்டாமா? ஸ்கேன், மருந்து எல்லாவற்றிலும் அந்த டாக்டருக்கு முழு மார்க் போடுகிறவள் நான், இந்த ஒரு இடத்தில் போட மாட்டேன். ஊசிக் கவர் மேலேயே பெரிய எழுத்தில் 'இரண்டு வாரம் டெஸ்ட் வேண்டாம்' என்று ஒட்டிக் கொடுக்கலாம்.

வீட்டுக்காரர் டெஸ்டைப் பற்றி. முதல் இடத்தில் ஏழு மாதத்தில் ஒரு முறை கூட அவரை உள்ளே கூப்பிடவில்லை. பாலக்காட்டில் முதல் நாளே, "விந்து டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?" என்றார் டாக்டர். இல்லை என்றோம். அது இல்லாமல் நான் மாத்திரை எழுத மாட்டேன் என்றார். இவர் மூன்று நாள் ஏதேதோ சாக்குச் சொன்னார், கம்பெனியில் லீவு இல்லை, சளி பிடித்திருக்கிறது, "எங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாதுங்" என்று கூட ஒரு நாள். நான் ஒன்றும் பேசவில்லை, ஏழு மாத மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக் கட்டில் மேல் வரிசையாக வைத்தேன். அடுத்த நாள் போனார். ரிப்போர்ட் நார்மல். நார்மல் என்று வந்த பிறகு ஊரில் மூன்று நண்பர்களுக்கு இவரே அட்வைஸ் செய்கிறார், அது வேறு கதை.

கூடவே மெட்பார்மின் கொடுத்தார்கள், சாப்பாட்டோடு. சர்க்கரை நோய் மாத்திரைதான், நீர்க்கட்டிக்கும் கொடுப்பார்களாம். முதல் ரெண்டு வாரம் வயிறு படுத்தும், பஸ் பயணத்துக்கு முன் வேண்டாம், இதற்கு மேல் சொல்ல மாட்டேன். எடையில் நூற்றுக்கு ஐந்து குறைத்தால் கூட சிலருக்கு மாதவிடாய் தானாகச் சரியாகும் என்றார்கள். 74 கிலோவிலிருந்து 70 வந்திருக்கிறேன்.

நம்பர் கேட்பவர்களுக்கு. அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களை வைத்து ரெண்டு மாத்திரையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2014ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அதிகபட்சம் ஐந்து சுற்று மாத்திரை. லெட்ரோசோலில் குழந்தை பெற்றவர்கள் 27.5 சதவீதம், குளோமிபீனில் 19.1. இதைச் சொல்லித்தான் எல்லோரும் 'இதுதான் பெஸ்ட்' என்கிறார்கள், உண்மைதான். ஆனால் நான் அந்தக் கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்தும் படித்தேன், நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். யூடியூப் ஆட்கள் அந்த எழுபத்திரண்டு பேரையும் கொஞ்சம் நினைக்கலாம். இன்னொன்று, அத்தைக்கு இரட்டைப் பிள்ளை ஆசை, அதே ஆய்வில் கரு நின்றவர்களில் இரட்டை லெட்ரோசோலுக்கு 3.4 சதவீதம், குளோமிபீனுக்கு 7.4. டாக்டருக்கு அது குறைவாக இருப்பதுதான் நிம்மதி.

செலவு. தினம் ரெண்டு வீதம் பத்து மாத்திரை எனக்கு 300 ரூபாய்ச் சொச்சம். ஒரு ஸ்கேன் 600, மாதத்துக்கு மூன்று நாலு. ஊசி தனி, பஸ் தனி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அரை நாள் தனி. அதாவது மாத்திரை மலிவு, மாத்திரையைப் பார்த்துக்கொள்வதுதான் செலவு. இதனால்தான் எங்கள் தெருவில் முறைக்கு நாத்தனார் ஆகிற ஒரு அக்கா, "உனக்கு மிச்சம் இருந்தா ரெண்டு பட்டை குடு, நானும் போட்டுப் பாக்கறேன்" என்று கேட்டார். கொடுக்கவில்லை. அக்காவுக்குத் தைராய்டு பார்த்ததில்லை, பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோனும் பார்த்ததில்லை, அதில் ஏதாவது கோளாறு என்றால் அதற்கு வேறு மாத்திரை, இதை விழுங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. ரெண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்து பாலக்காடு டாக்டரின் டோக்கன் எப்படிப் போடுவது என்று கேட்டார்.

நட்சத்திரம் போட வேண்டும் என்றால் லெட்ரோசோலுக்கு ஐந்துக்கு நாலரை, ஸ்கேன் இல்லாமல் சாப்பிடுகிற எந்த மாத்திரைக்கும் ஒன்று. நாலாம் மாதமும் முட்டை வெடித்தது, பதினைந்தாம் நாள் வழக்கம்போல மாதவிடாய். ஆக நாலு மாதத்தில் மூன்று முறை வெடித்திருக்கிறது, அதுவரை மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

இந்த ஐந்தாம் மாதம் மாத்திரை இல்லை. குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிற டெஸ்ட், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எட்டாம் நாள், ரத்தப்போக்கு நின்ற பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் வலிக்கும் என்றார்கள். அத்தையும் கூட வருகிறார். நேற்றே பையை எடுத்து வைத்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "டாக்டர்கிட்டக் கேட்டுட்டு அப்புறமாக் குடிச்சுக்கலாம் கண்ணு."